மணிக்கட்டும் அளவுகோலும்

எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் இப்போதெல்லாம் தேர்வு மதிப்பெண்களைவிட மிகுதியாகப் பேசப்படுவன வேறு சில எண்கள். நேற்று நடந்த அடிகள், இரவு உறங்கிய மணிகள், மாடிப்படி ஏறுகையில் நாடித்துடிப்பு எட்டிய உயரம். நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டால், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். வள்ளியூர் கடைத்தெருவிலேயே ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஸ்மார்ட் வாட்ச் கிடைக்கிறது. கைபேசியும் கைக்கடிகாரமும் இடைவிடாது திரட்டும் தரவுகளைக் கொண்டு ஒவ்வொரு மனிதருக்கும் அவருக்கே உரிய மருத்துவத்தை வழங்கிவிடலாம் என்பது இக்கருவிகளுக்குப் பின்னால் நிற்கும் பெரிய வாக்குறுதி. அதைப் பற்றி ஒரு தமிழாசிரியன் என்ன சொல்லிவிட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். ‘அவருக்கே உரிய’ என்னும் சொற்றொடரைப் பற்றிச் சில சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

நோயாளியை அளந்து மருந்து கொடுப்பது நமக்குப் புதிய கருத்தன்று. திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய ‘மருந்து’, மருத்துவன் கருத வேண்டியவையாக நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றைச் சொல்கிறது. இவற்றுள் நோயுற்றவனின் அளவு முதலில் நிற்பதை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சுட்டிக்காட்டுவது என் வழக்கம். சித்த மருத்துவமும் அதே மணிக்கட்டில்தான் தொடங்குகிறது. மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், ஐயம் என நாடி பார்க்கும் முறையைப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் 1964 முதல் முறையாகக் கற்பித்து வருகிறார்கள்.

உடனே, சித்தர்கள் அன்றே ஸ்மார்ட் வாட்சைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வாட்சாப்பில் அந்தப் பெருமிதம் ஏற்கெனவே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சித்த மருத்துவத்தில் நோயறியும் வழிகளை எண்வகைத் தேர்வு என்பார்கள். நாடி அவற்றில் ஒன்றே ஒன்றுதான். தொடுவுணர்வு, நாக்கு, நிறம், விழி, மலம், சிறுநீர் ஆகியவற்றோடு ‘மொழி’யும் அந்த எட்டில் ஒன்று. நோயாளி பேசும் பேச்சும் சோதிக்கப்பட வேண்டிய பொருள் என்று ஒரு மருத்துவ மரபு வகுத்து வைத்திருக்கிறது. இந்த எட்டாவது சங்கதிக்குப் பிறகு வருகிறேன்.

கடிகாரம் என்ன செய்கிறது? அதன் அடிப்பக்கத்திலிருந்து பச்சை ஒளி தோலுக்குள் பாய்கிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் நாளங்களில் இரத்தம் கூடுகிறது, குறைகிறது; அதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அந்த மாற்றத்தை எண்ணி நாடித்துடிப்பு கணக்கிடப்படுகிறது. கையின் அசைவை அளக்க இன்னொரு சிறு உணரி இருக்கிறது. பெரும்பாலான மலிவுக் கடிகாரங்களில் நேரடியாக அளக்கப்படுபவை ஏறத்தாழ இவ்வளவுதான். உறக்கத்தின் ஆழம், மன அழுத்தம், எரிந்த கலோரி என்று திரையில் வரும் மற்ற யாவும் ஊகங்கள். வேறு சில உடல்களை முன்பே அளந்து, அவற்றோடு உங்கள் உடலை ஒப்பிட்டுச் செய்யப்படும் ஊகங்கள். அந்த வேறு சில உடல்கள் யாருடையவை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நாளைக்குப் பத்தாயிரம் அடி என்னும் இலக்கை எடுத்துக்கொள்வோம். நம் நண்பர்கள் வேதவாக்காகக் கொண்டிருக்கும் இந்த எண் எந்த ஆய்வகத்திலும் பிறந்ததன்று. 1965-இல் ஜப்பானில் யமாசா என்னும் நிறுவனம் ஓர் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்கு ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள்படும் ‘மான்போ-கெய்’ என்னும் பெயரை வைத்தது. விளம்பரப் பெயர் மருத்துவ விதியாயிற்று. அமெரிக்காவின் முதிய பெண்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வொன்று, நாளுக்கு 4,400 அடி நடப்பவர்களிடமே இறப்பு விகிதம் குறையத் தொடங்குவதையும், ஏறத்தாழ 7,500 அடிக்குமேல் அந்த நன்மை கூடாமல் நின்றுவிடுவதையும் கண்டது. ஆயினும் பல கடிகாரங்கள் இன்றும் பத்தாயிரத்தில்தான் வாணவேடிக்கை காட்டுகின்றன.

இன்னொன்று, அறிவியல் முறைப்படி நடந்த நேர்மையான ஆய்வு. ஆப்பிள் கைக்கடிகாரம் இதயத்துடிப்பின் ஒழுங்கின்மையைக் கண்டுபிடிக்குமா என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2019 நவம்பரில் முடிவுகளை வெளியிட்டனர். பங்கேற்றோர் 4,19,297 பேர். அவர்களில் கடிகாரம் எச்சரித்தவர்கள் 2,161 பேர், அதாவது 0.52 விழுக்காடு. எச்சரிக்கப்பட்டவர்களில் மார்பில் ஒட்டும் இ.சி.ஜி. பட்டையை அணிந்து திருப்பி அனுப்பிய 450 பேரைச் சோதித்தபோது, 34 விழுக்காட்டினரிடம் அந்தக் கோளாறு பட்டையிலும் தென்பட்டது. அந்தக் கோளாறு வந்து வந்து போகும் இயல்புடையது என்பதால் மற்றவர்களுக்கு அது இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இவ்வளவு பேரைக் கொண்டு ஓர் ஆய்வை நடத்த முடிந்ததே பெரிய செய்தி. ஆனால் அந்த நான்கு இலட்சம் பேர் யார்? அமெரிக்காவில் வாழ்பவர்கள், ஐபோனும் ஆப்பிள் கடிகாரமும் வாங்க வசதியுள்ளவர்கள், பாதிக்கு மேற்பட்டோர் நாற்பது வயதைத் தாண்டாதவர்கள். ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. விற்பவர்கள்தாம் இதைச் சொல்வதில்லை.

தோலின் நிறம் பற்றியும் பேசியாக வேண்டும். 2021 கோடையில் கொரோனா இரண்டாம் அலையின்போது, அதுவரை பெயர்கூடக் கேள்விப்படாத பல்ஸ் ஆக்சிமீட்டர் நம் வீடுகளுக்குள் வந்தது. 94 என்னும் எண்ணுக்கு மேலும் கீழுமாகக் குடும்பங்கள் ஊசலாடின. வீட்டிலேயே இருக்கலாமா, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டி பிடித்துப் போக வேண்டுமா என்பதை விரல் நுனியில் மாட்டிய ஒரு கருவி தீர்மானித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2020 டிசம்பரில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தனர். கருவி 92-க்கும் 96-க்கும் இடையே காட்டியபோதும் உண்மையில் இரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்த நிலை, வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 விழுக்காடாகவும் கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 விழுக்காடாகவும் இருந்தது என்பது அதன் முடிவு. தோலின் நிறமி ஒளியை உறிஞ்சிக்கொள்வதே பிழைக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆடி மாதத்துப் பணகுடிக் காற்றிலும் வெயிலிலும் வாழைத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரின் விரலில் அந்த 94-க்கு என்ன பொருள்? நெருக்கடி முற்றியிருந்த அந்த நாள்களில் அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கைக்கடிகாரமும் அதே ஒளி வித்தையைத்தான் நம்பியிருக்கிறது.

அசைவின் கணக்கும் அப்படியே. வீசி நடக்கும் கையையே மணிக்கட்டுக் கருவி நடையாகக் கொள்கிறது. கை அசையாமல் எதையேனும் பிடித்துக்கொண்டு நடந்தால் பல அடிகள் கணக்கில் வராமற் போகும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டோ, புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றி ஒரு கையால் தாங்கிக்கொண்டோ மேற்கே இருந்து வரும் பெண்களை எங்கள் ஊர்ச் சாலையில் மாலைதோறும் பார்க்கலாம். பூங்காவில் கைவீசி நடக்கும் ஓய்வுபெற்ற அதிகாரியைக் காட்டிலும் இவர்கள் சோம்பேறிகள் என்று அந்தக் கருவி அறிக்கை தந்துவிடும்.

இவ்வளவு சொல்வதால் நான் கருவிகளுக்கு எதிரி என்று கொள்ள வேண்டாம். உடல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதை ஐயமற நிறுவியதே இத்தகைய கருவிகள்தாம். 2015-இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவன ஆய்வாளர்கள் 800 பேரின் உடலில் தொடர் குளுக்கோஸ் உணரிகளைப் பொருத்தினர். கைபேசிச் செயலியில் அவர்கள் உண்டதையெல்லாம் பதியச் செய்து, ஒரே உணவு ஒருவருக்குச் சர்க்கரையைக் கிடுகிடுவென ஏற்றுவதையும் இன்னொருவருக்கு ஏற்றாமலிருப்பதையும் காட்டினர். எல்லாருக்கும் ஒரே பத்திய அட்டையை நீட்டும் பழக்கத்தை அது அசைத்துவிட்டது. நம் பக்கத்தில் இதற்கு உடனடிப் பயன் ஒன்று உண்டு. பனைகள் நிறைந்த இந்தத் தேரிக்காட்டுச் சீமையில் கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்னும் நம்பிக்கை படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியிலும் அதுதான். கருப்பட்டிக் காப்பி குடித்து ஒன்றரை மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தால் விவாதத்துக்கே இடமில்லை. நூறு மேடைப் பேச்சுகள் செய்ய முடியாததை ஒரு குளுக்கோமீட்டர் செய்துவிடும். அந்தத் தொடர் உணரியோ சில ஆயிரம் ரூபாய். பதினான்கு நாளில் தீர்ந்துபோகும். ஆயிரம் பீடிக்குக் கூலி இவ்வளவு என்று எண்ணி வாழ்பவருக்கு அது பற்றிப் பேசுவதே கேலியாகிவிடும்.

நம் உடல்களில் சோதித்தே உருவான நல்ல எடுத்துக்காட்டும் இருக்கிறது. கைபேசியோடு இணைந்த விழித்திரைக் கேமராவைக் கொண்டு சென்னையில் ஏறத்தாழ முந்நூறு நீரிழிவு நோயாளரின் கண்களைப் படமெடுத்து, அவற்றைக் கணினி மென்பொருள் படித்துச் சொன்ன முடிவுகளைக் கண் மருத்துவர்களின் முடிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளிவந்தது. பார்வையைப் பறிக்கும் கட்டத்தில் இருந்தவர்களில் 99 விழுக்காட்டினரை மென்பொருள் சரியாகப் பிடித்தது. அந்நிலை இல்லாதவர்களில் ஐவரில் ஒருவரை இருப்பதாகச் சொல்லிற்று என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. வீணாக ஒரு பேருந்துப் பயணம் போவது வேறு, பார்வை போவது வேறு. இந்தக் கருவியை நான் நம்புகிறேன். எந்தக் கண்களைப் பார்த்து அது அளக்கப்பட்டது என்று எனக்குத் தெரியும் என்பதே காரணம்.

உண்மையில் தமிழகத்தின் சிக்கல் தரவுப் பற்றாக்குறையா என்பதே எனக்கு ஐயம். 2020-இல் இங்கு நடத்தப்பட்ட ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. நீரிழிவில் அது 10.8 விழுக்காடு. நூற்றில் தொண்ணூறு பேருக்குக் கைமீறி நிற்கும் நோயைத் துடிப்புக்குத் துடிப்பு அளந்து என்ன செய்வது? இந்த எண்களுக்கு விடையாக வந்ததுதான் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த பெண் தன்னார்வலர் இரத்த அழுத்தமானியோடும் குளுக்கோமீட்டரோடும் வீட்டுத் திண்ணைக்கு வந்து அளக்கிறார், மாத்திரை கொடுக்கிறார், பதிந்துகொண்டு போகிறார். 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது அதற்குக் கிடைத்தது. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டின் தனிநபர் மருத்துவம் மணிக்கட்டில் தொடங்கவில்லை, இந்தத் திண்ணையில்தான் தொடங்கியது. அதே தெருவில் குடியிருக்கும் அந்தப் பெண்ணுக்கு எந்த உணரிக்கும் எட்டாத சில செய்திகள் தெரியும். மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்ளும் பாட்டி யார், கோயில் கொடைக்கு மகன் வராததால் மூன்று நாளாகச் சாப்பிடாதவர் யார் என்பதெல்லாம்.

என் முதுகலை மாணவி ஒருத்தியின் தாயார் பீடி சுற்றுபவர். காலை முதல் இரவு வரை மடியில் சுளகை வைத்துக்கொண்டு குனிந்த முதுகோடு அமர்ந்திருப்பவர். இரத்த அழுத்தம் உண்டு. ஒவ்வொரு முறை அளந்த எண்ணையும் இந்தப் பெண் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்து வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே தாய் அன்று சொன்ன சொல்லும் இருக்கிறது. ‘கிறுகிறுப்பு’ என்று ஒரு நாள். ‘சடவு’ என்று பல நாள்கள். ‘படபடப்பு’, ‘மேலுக்குச் சரியில்லை’. ஓரிடத்தில் ‘வெப்ராளம்’ என்று எழுதியிருந்தாள். தென்மாவட்டத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: வெப்ராளம் என்பது வெறும் கோபமன்று, வருத்தமும் அன்று. அடக்கி வைக்கப்பட்ட ஆற்றாமை உடம்பிலேயே வெப்பமாகக் கொதிப்பது. அன்றைய தாளில் அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. அதற்கு முந்தைய நாள் பீடிக்கடையில் சுற்றிக் கொடுத்த பீடியில் பெரும்பகுதியைத் தரமில்லை என்று கழித்துவிட்டார்களாம். அரைநாள் உழைப்பு போயிற்று.

கடிகாரங்களிலும் செயலிகளிலும் இதற்கு என்ன இடம் இருக்கிறது? மன அழுத்தம் குறைவு, நடுத்தரம், மிகுதி என்று மூன்று கட்டங்கள். தமிழில் வரும் செயலிகள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தேன். ‘உங்கள் மீட்பு மதிப்பெண்’ என்கிறது ஒன்று. எதை மீட்பது, யாரிடமிருந்து மீட்பது? ஆங்கிலத்தில் எழுதி எந்திரத்தால் பெயர்த்த தமிழை நம் தாய்மார் முன் நீட்டினால், அவர்கள் பேரனிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். சடவு வேறு, சோர்வு வேறு. கிறுகிறுப்பும் மயக்கமும் ஒன்றன்று. நாற்பது ஆண்டுகளாகத் தன் உடம்போடு பழகிய ஒருத்தி தேர்ந்தெடுத்துச் சொல்லும் சொல்லைத் தரவாகக் கொள்ளாத கருவி எட்டில் ஒன்றைத் தவறவிட்டுவிடுகிறது. நாட்காட்டித் தாள்களை மாணவி மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றபோது மருத்துவர் அவற்றை வாங்கி ஐந்து நிமிடம் படித்தாராம். வெளி நோயாளர் வரிசை வாசல் வரை நிற்கும் காலை வேளையில் ஐந்து நிமிடம் என்பது சிறிய காலம் அன்று.

தரவு யாருக்குச் சொந்தம் என்பதும் இருக்கிறது. மாதவிலக்கு நாள்களைப் பதியும் ஃப்ளோ என்னும் செயலி, பெண்களின் அந்தரங்கச் செய்திகளை ஃபேஸ்புக்குக்கும் கூகுளுக்கும் பகிர்ந்ததாக அமெரிக்க அரசின் வணிக ஆணையம் குற்றம் சாட்டி 2021-இல் உடன்பாட்டுக்கு வந்தது. நடந்த அடிகளுக்கு ஏற்பக் காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகை தரும் வழக்கம் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. இன்று சலுகையாக இருப்பது நாளை அபராதமாகாது என்பதற்கு யார் பொறுப்பு? நம் நாட்டில் 2018, 2019 ஆண்டுகளின் சட்ட வரைவுகளில் உடல்நலத் தரவு தனிப் பாதுகாப்புக்குரியதாக வகைப்படுத்தப்பட்டிருந்தது. 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகை இல்லை. நாடித்துடிப்பும் மின்னஞ்சல் முகவரியும் அதன்முன் ஒரே தரத்தவை. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. நம் பக்கத்துக்கே உரிய இடர் ஒன்றைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருப்பார்களா தெரியவில்லை. இங்கே ஒரு வீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு நல்ல கைபேசி. எண் மகன் பெயரில், கருவி மருமகள் கையில், நோய் மாமியாருக்கு. ஒப்புதலைத் தருபவர் யார்?

அந்தச் சட்டத்தில் நமக்குப் பயன்படக்கூடிய ஒரு வரி இருக்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றில் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது அது. தமிழும் அதில் அடக்கம். அந்த அறிவிப்புத் தமிழை யார் எழுதப்போகிறார்கள்? ‘மீட்பு மதிப்பெண்’ எழுதியவர்களே எழுதினால் உரிமை தாளில் மட்டும் இருக்கும்.

எனவே என் கோரிக்கைகள் சிறியவை. விற்கப்படும் கருவி எந்த நிறத் தோலில், எந்த வேலை செய்யும் கைகளில் சோதிக்கப்பட்டது என்பதைப் பெட்டியின்மேல் அச்சிட வேண்டும். மருந்துப் பெட்டியில் காலாவதி நாளை அச்சிடுவதுபோல. வீடு தேடி வந்து எடுக்கப்படும் அளவுகள் எந்தக் கணினிக்குச் சென்றாலும், அளக்கப்பட்டவரின் கைக்கும் தமிழில், ஒரு தாளில், பல மாத வரிசையோடு வந்து சேர வேண்டும். அந்தத் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் அவர் சொன்ன சொல்லுக்கும் ஒரு கட்டம் வேண்டும்.

மூன்றாவது வேலையில் எங்களைப் போன்றவர்களுக்குப் பங்கு இருக்கிறது. வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுப்பதில் கி. ராஜநாராயணன் கரிசலுக்குச் செய்து காட்டிய முன்மாதிரி நமக்கு இருக்கிறது. நெல்லையில் நோயையும் உடல் உணர்வுகளையும் குறிக்க வழங்கும் சொற்களை மட்டும் தனியே தொகுத்தால் போதும். இராதாபுரம் வட்டத்தின் பீடித் தொழிலாளர், காற்றாலைத் தொழிலாளர், தோட்டத் தொழிலாளரிடம் சென்று கேட்டு, எந்தச் சொல் எந்த உடல்நிலையைச் சுட்டுகிறது என்பதைத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களோடு உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் முதுகலை மாணவர்கள் என் வகுப்பில் இவ்வாண்டு பதினோரு பேர் இருக்கிறார்கள்.